ஏ.என்.ஏ. குருதிச் சோதனை

ஏ.என்.ஏ. சோதனை என்பது உடலின் சொந்த உயிரணுக்களின் கருப்பொருளுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் குருதியில் உள்ளனவா என்று அறியும் சோதனையாகும். லூப்பசு, சியோகிரன் நோய், தோல் இறுக்க நோய் ஆகிய தன்னுடல் தாக்கு நோய்களை ஐயுறும்போது மருத்துவர் இதைக் கேட்பார்.

1948 இல் அமெரிக்காவின் மயோ மருத்துவமனையில், லூப்பசு நோயாளிகளின் எலும்பு மச்சையில், வேறோர் உயிரணுவின் கருவை விழுங்கிய வெள்ளணுக்கள் காணப்பட்டன. இதற்குக் குருதியிலுள்ள பிறபொருளெதிரியே காரணம் என்பது பின்னர் தெரிந்தது. இன்று, ஹெப்-2 என்னும் மனித உயிரணுக்கள் பரப்பிய கண்ணாடித் தகட்டில் நோயாளியின் சீரம் இடப்படுகிறது. அதன்மேல் ஒளிரும் சாயம் பிணைத்த இன்னொரு பிறபொருளெதிரி சேர்க்கப்படும். கருவில் ஏதேனும் ஒட்டியிருந்தால் நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். சீரத்தை மேலும் மேலும் நீர்த்துப் பார்ப்பர். ஒளிர்வு தெரியும் கடைசி நீர்ப்பே அறிக்கையில் வரும். ஆகவே 1:80 ஐ விட 1:640 வலுவான முடிவு.

அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்று கண்டதும் பலர் அஞ்சுகின்றனர். ஆனால் 1997 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், நலமாக இருந்தவர்களிலேயே சுமார் 13 விழுக்காட்டினருக்கு 1:80 அளவிலும், 5 விழுக்காட்டினருக்கு 1:160 அளவிலும் இது இருந்தது. ஆயிரம் பேரில் ஒருவருக்கு லூப்பசு என்று வைத்துக்கொண்டால், அறிகுறி எதுவும் பாராமல் ஆயிரம் பேரைச் சோதித்தால் 1:80 அளவில் நூற்றுக்கு மேற்பட்டோர் பாசிட்டிவ் ஆவர். நோயாளி அவர்களில் ஒருவரே. தைராய்டு நோய், சில தொற்றுகள், சில மருந்துகள், முதுமை ஆகியவற்றாலும் இது தோன்றும். வெறும் உடல் அசதிக்கு இச்சோதனையை எழுதுவது நன்மையை விடக் கலக்கத்தையே தருகிறது.

நெகட்டிவ் முடிவுதான் உண்மையில் அதிகம் சொல்கிறது. லூப்பசு நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஏ.என்.ஏ. இருப்பதால், அது இல்லையெனில் அந்நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. 2019 இல் வந்த வகைப்பாட்டு விதிகளும் குறைந்தது 1:80 இருந்த பின்னரே மற்றவற்றைக் கணக்கிடுகின்றன.

பாசிட்டிவ் முடிவுடன் மூட்டு வீக்கம், வெயிலில் தடிக்கும் தோல், சிறுநீரில் புரதம் முதலியனவும் இருந்தால் அடுத்தகட்டச் சோதனைகள் தேவை. இரட்டை இழை டி.என்.ஏ. எதிர்ப்பியும் எஸ்எம் எதிர்ப்பியும் லூப்பசுக்கே பெரிதும் உரியவை. முன்னதன் அளவு, சிறுநீரகம் தாக்கப்படும்போது பெரும்பாலும் உயர்வதால், தொடர்ந்து அளக்கப்படுகிறது. ஏ.என்.ஏ.வை அவ்வாறு திரும்பத் திரும்பச் செய்வதில் பயனில்லை. முடக்கு வாதத்துக்கு உரிய சோதனைகள் ஆர்.எஃப்., சி.சி.பி. எதிர்ப்பி என்பன. இவற்றுள் ஆர்.எஃப். கல்லீரல் அழற்சி சி, காசநோய் ஆகியவற்றிலும் காணப்படலாம்.

ரோ எதிர்ப்பி உள்ள பெண் கருவுற்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தாய்க்கு எந்த உபாதையும் இல்லாவிட்டாலும், அது நச்சுக்கொடி வழியே சென்று, அரிதாகக் குழந்தையின் இதயத் துடிப்பைத் தடைப்படுத்தக்கூடும்.