நாய்க்கு வைக்கும் கஞ்சியில் வெங்காயம் வேண்டாம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைச் சாலைகளில் விடியற்காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் போனால், ஆலை வாசல்களில் இரண்டு மூன்று நாய்கள் சுருண்டு படுத்திருப்பதைப் பார்க்கலாம். அவற்றுக்குச் சோறு போடுகிறவர் பெரும்பாலும் வாசலில் இரவுக் காவல் இருப்பவர்தான். ராத்திரி முழுக்க அவருக்கும் அந்த நாய்கள்தானே துணை. கேன்டீனில் மிஞ்சிய சோறு, டிபன் பாக்ஸில் மிஞ்சிய குழம்பு, டீக்கடை பிஸ்கட் என்று கிடைத்தது போகும். இப்போது அந்த வரிசையில் ஓட்ஸும் சேர்ந்துவிட்டது. சிறிய பாக்கெட்டாகக் கிடைக்கிறது, சீக்கிரம் வெந்துவிடுகிறது, காவல் அறையில் உள்ள மின்சாரக் கெட்டிலே போதும். திருவள்ளூர், பொன்னேரிப் பக்கம் வீட்டில் நாய் வளர்ப்பவர்களும் வயிறு சரியில்லாத நாய்க்கு ஓட்ஸ் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள்.

கொடுக்கலாம். ஓட்ஸால் நாய்க்குக் கெடுதல் இல்லை. கெடுதல் எல்லாம் நாம் அதோடு சேர்ப்பதில் இருக்கிறது.

நாய் நம்மோடு வாழ்ந்து நம் கஞ்சியைக் குடித்துப் பழகிய பிராணி. 2013-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 படிகள் மட்டுமே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 படிகள் வரை இருந்தன. ஆனாலும் நமக்கு எச்சிலிலேயே தொடங்கிவிடும் அந்தச் செரிமானம் நாய்க்குச் சிறுகுடலில்தான் நடக்கிறது. அதனால் ஓட்ஸைப் பச்சையாகப் போடக் கூடாது. நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு வைக்க வேண்டும். பால் வேண்டாம், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் பேதியில் முடியும். உப்பும் சர்க்கரையும் வெல்லமும் வேண்டாம். முதல் நாள் ஒரு மேசைக்கரண்டி கஞ்சி கொடுத்துப் பாருங்கள். மலம் இளகாமல் இருந்தால் மெல்லக் கூட்டலாம். வீட்டு நாயானால் ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். தெருநாய்க்கு அந்தக் கஞ்சியே ஒரு வேளைச் சாப்பாடு என்றால் வேகவைத்த முட்டையோ எலும்பு நீக்கிய கோழிக்கறியோ சேருங்கள். வெறும் ஓட்ஸில் அதற்குத் தேவையான புரதம் கிடைக்காது. அரிசிக் கஞ்சி, உப்புப் போடாத கேழ்வரகுக் கூழ் இரண்டும் இதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும். ஓட்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

இனி ஆபத்துக்கு வருவோம். நம் கடைகளில் அதிகம் கண்ணில் படுவது மசாலா ஓட்ஸ். அதில் வெங்காயத்தூள், பூண்டுத்தூள், உப்பு எல்லாம் சேர்ந்திருக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உடல் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் வெங்காயம் ஒரே நேரத்தில் உள்ளே போனால் பாதிப்பு வரும் என்பது கால்நடை நச்சியல் சொல்லும் கணக்கு. 15 கிலோ நாய்க்கு அது 75 கிராம், அதாவது ஒரு நடுத்தர வெங்காயம். காய்ந்த தூளில் அதே வீரியம் இன்னும் குறைந்த எடையில் அடங்கிவிடும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இதில் மோசமானது என்னவென்றால் அறிகுறி அன்றைக்கே தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அதற்குள் என்ன கொடுத்தோம் என்பதே மறந்திருக்கும்.

சாம்பார் சாதமும் புளிச்சோறும்கூட வேண்டாம், அவற்றில் புளியும் இருக்கிறது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் விலங்கு நச்சு மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு, புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களைப் பற்றியும் எழுதினார்கள். புளியின் புளிப்பே அந்த அமிலம்தான். ஒரு பிடி சாம்பார் சாதம் தின்ற நாய் உடனே செத்துவிடும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் வெங்காயமும் புளியும் உப்பும் ஒன்றாக இருக்கும் சோற்றைத் தினமும் வைப்பது நாய்க்கு நல்லதல்ல. ஆயுத பூஜையன்று ஆலைக்கு ஆலை மிஞ்சும் கேசரியிலும் பாயசத்திலும் உலர்திராட்சை கிடக்கும். அதையும் வைக்காதீர்கள். சாக்லேட் சேர்த்த ஓட்ஸும் கூடாது.

இன்னொரு பெயரை நினைவில் வையுங்கள்: சைலிட்டால். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் சூயிங்கம்மிலும் சில இனிப்புகளிலும் உள்ள சர்க்கரை மாற்று இது. பாக்கெட்டில் பெயருக்குப் பதிலாக 967 என்ற எண் மட்டும் இருக்கலாம். நமக்குத் தீங்கில்லாத இது நாயின் உடலில் இன்சுலினைக் கொட்டவைத்து, அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையை விழச்செய்யும். பாக்கெட் உணவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதைப் படிக்கும் ஒரு நிமிடத்தைச் செலவிடுங்கள். ‘ஓட்ஸ்’ என்ற ஒரே சொல் மட்டும் இருக்கிற பாக்கெட்டே நாய்க்கு ஏற்றது.

தொழிற்பேட்டைக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. ரசாயனம் வந்த கேனைப் பாதியாக அறுத்து அதில் கஞ்சி ஊற்றாதீர்கள், பெயின்ட் டப்பாவும் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் உள்ளே ஊறியது முழுதாகப் போகாது. லாரிகள் நிற்கும் இடத்தில் ரேடியேட்டரிலிருந்து ஒழுகும் கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், சிறுநீரகம் செயலிழக்கும். ஆகவே கஞ்சித் தட்டு லாரி நிற்கும் இடத்திலிருந்து தள்ளியே இருக்கட்டும், பக்கத்தில் நல்ல தண்ணீரும் இருக்கட்டும். தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். மிச்சம் கிடந்தால் எலி வரும், எலிக்கு வைத்த மருந்தும் பின்னாலேயே வரும்.

நாய் எதையோ தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே அதைக் கொன்றுவிடக்கூடும். தின்ற பாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர்தான்.

சோறு போட உரிமை உண்டா என்று கேட்டால், உண்டு, ஆனால் இடம் பார்த்து. 2023-இன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளில் 20-ஆம் விதி இதைப் பேசுகிறது. குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து தள்ளி உணவிடும் இடத்தையும் நேரத்தையும் ஒதுக்க வேண்டும். தகராறு வந்தால் கால்நடை அதிகாரி, காவல்துறை, விலங்குநல அமைப்பு ஆகியோருடன் புகார் செய்தவரும் இடம்பெறும் குழு தீர்த்துவைக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தெருவில் கண்ட இடத்தில் உணவிடக் கூடாது, வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்று சொல்லி, தெருநாய்கள் பற்றிய வழக்கை எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது. அதே ஆண்டு நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற உத்தரவிட்டது. எனவே கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் வந்து இறங்கியதும் பிஸ்கட் பிரிப்பதை விட்டுவிடுங்கள். ஆலை வளாகத்துக்குள் வைப்பதானால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவுப் பணி முடிந்து சைக்கிளில் போகிறவரை நாய்க்கூட்டம் துரத்துவது உண்மையான துன்பம். சோறு போடுகிறவர் அதைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். உணவிடும் இடம் சாலையோரத்திலிருந்து தள்ளிப் போனாலே பாதித் தகராறு ஓய்ந்துவிடும்.

கோபத்தில் சோற்றில் விஷம் வைப்பது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அப்படி நடந்தால் உடலைப் புதைத்துவிடாமல் 112-ஐ அழைத்துப் புகார் கொடுங்கள், அரசு கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அது இல்லாமல் வழக்கு நிற்பது கடினம். புகார் கடை மீதும் இருக்கலாம்: காலாவதியான நாய் உணவை விற்றிருந்தால் ரசீதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணமில்லை.

கஞ்சி வைக்கிற கை கடி வாங்குகிற கையாகவும் ஆகலாம். பழகிய நாயே கடித்தாலும், பல் லேசாகக் கீறினாலும், புண்ணை நக்கினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போனால் வெறிநோய் (ரேபிஸ்) தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள்கள். காயம் ஆழமானால் இம்யூனோகுளோபுலினும் காயத்திலேயே போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்யும் பிள்ளைகள் மொழி தெரியாமல், கூலி போய்விடுமே என்று இரண்டாவது ஊசியைத் தவறவிடக்கூடும். உங்கள் ஷெட்டில் அப்படி ஒருவர் இருந்தால் தேதியை நீங்கள் குறித்துவைத்து அவரை அனுப்புங்கள். மேற்பார்வையாளர் அந்த அரை நாளைக் கணக்கில் பிடிக்கக் கூடாது.

இன்று தட்டை வைக்கும்போது அந்த நாயின் காதைப் பாருங்கள். கருத்தடை செய்த நாய்க்குக் காதில் வெட்டுக் குறி இருக்கும். குறி இல்லையென்றால் பேரூராட்சி அலுவலகத்துக்கோ ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கோ, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் கேட்டு ஒரு மனு எழுதுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுத்து ரசீது வாங்கி வாருங்கள்.