கூச்சத்துக்கு ஒரு செய்முறைப் பாடம்

மயிலாப்பூர்ச் சபாக்களில் கச்சேரி தொடங்குமுன் சில சமயம் ஒலிபெருக்கி 'கூ'வென்று ஊளையிடும். ஏன் தெரியுமா? ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசையை மைக் மீண்டும் பிடித்துக்கொள்கிறது. அது பெருக்கப்பட்டு மறுபடியும் ஒலிபெருக்கிக்கே போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஓசை வளர்கிறது. இதனைப் பின்னூட்டம் என்பர். மனித மனத்திலும் இத்தகைய சுற்று ஒன்று உண்டு.

ஆசிரியர் வகுப்பில் கேள்வி கேட்கிறார். மாணவி ஒருத்திக்கு விடை தெரியும், ஆனால் எழுந்திருக்கவில்லை. 'குரல் நடுங்கும், எல்லோரும் சிரிப்பார்கள்' என்று எண்ணுகிறாள். உடனே நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்பு பிறர் கண்ணுக்கும் தெரிகிறது என நினைக்கிறாள். அந்த நினைப்பு படபடப்பை மேலும் வளர்க்கிறது.

எப்போதாவது வந்து போனால் இது வெறும் கூச்சம். மாதக்கணக்கில் நீடித்துப் படிப்பையும் நட்பையும் கெடுத்தால் அதற்குச் 'சமூகப் பதற்றம்' என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் இதனைத் தன் நோய்ப் பட்டியலில் தனியாகச் சேர்த்தது. பெரும்பாலும் பதின்பருவத்திலேயே இது தலைகாட்டும். 'அவள் சுபாவமே அப்படி' என்று வீட்டார் விட்டுவிடுவதால், பலருக்கு உதவி கிடைக்காமலே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இந்தச் சுற்றை எங்கே வெட்டுவது? 1960-களில் அமெரிக்க மருத்துவர் ஏரன் பெக் வகுத்த எண்ண-நடத்தைச் சிகிச்சை இதற்கு வழி காட்டியது. அதன் முறை இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதைப் போன்றதே. அச்சத்தை உண்மை என்று கொள்ளாமல், ஒரு கருதுகோள் என்று கொள்ள வேண்டும்; பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பாண்டி பஜாரில் ஒரு கடையில் விலை கேட்டுவிட்டு, எதுவும் வாங்காமல் திரும்ப வேண்டும். 'கடைக்காரர் திட்டுவார்' என்ற கணிப்பை முன்னரே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நடந்ததைப் பின்னர் எழுதி, இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

நம் கணிப்பு எவ்வளவு பிழையாகும்? 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், அணியவே வெட்கப்படும் படம் ஒன்று அச்சிட்ட பனியனை ஒரு மாணவர் அணிந்து, பலர் அமர்ந்திருந்த அறைக்குள் நுழைவார். ஏறக்குறைய பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் கணித்தனர். உண்மையில் கவனித்தவர்கள் சுமார் கால்வாசிப்பேர்தாம்!

இந்தச் சிகிச்சையை இணையத்தின் வழியாகவும் தரலாம். ஸ்வீடனிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கான ஆய்வுகள் 2000-களிலேயே நடந்தன. பாடங்களை வீட்டிலேயே படித்து, சோதனைகளைச் செய்து, சிகிச்சையாளருக்கு எழுதி அனுப்ப வேண்டும். அவர் படித்து வழிகாட்டுவார். தாம் பேசுவதை ஒளிப்படக் கருவியில் பதிவு செய்து பார்ப்பதும் ஒரு பாடம். உள்ளே உணர்ந்த நடுக்கம் வெளியே அவ்வளவாகத் தெரியவில்லை என்பது அப்போது புலப்படும். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டேவிட் கிளார்க் குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இணையவழிச் சிகிச்சை நேரில் தந்த சிகிச்சைக்கு இணையான பலன் தந்தது. சிகிச்சையாளர் செலவிட்ட நேரமோ பாதிக்கும் குறைவு.

தொலைவைக் கருவியால் கடப்பது நமக்கும் புதிதன்று. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய 'ஸ்கார்ஃப்', 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை இயக்கத் தொடங்கியது. கடும் மனநோயுற்ற கிராமத்தவர் அதிலிருந்த திரை வழியே சென்னை மருத்துவர்களுடன் பேசினர்.

ஓர் எச்சரிக்கை. கைப்பேசியில் கிடைக்கும் செயலிகள் எல்லாம் ஆய்வில் தேறியவை அல்ல. பதற்றம் உங்கள் படிப்பைத் தடுத்தால் பெற்றோரிடமோ, நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ சொல்லுங்கள். 2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அது தொலைபேசி ஆலோசனைதான், முழுச் சிகிச்சையன்று. எனினும் முதல் படிக்குப் போதும். முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்திறந்து பேசுவதுகூட, நீங்கள் செய்யும் முதல் சோதனையாக அமையலாம்.