தாழ்ப்பாள் முதல் மின்னணுப் பூட்டு வரை

புதுவை நகரின் வடபால் கடலோரத்தே அமைந்தது குருசுக்குப்பம். உப்புக் காற்று இரும்புத் தாழ்ப்பாளை எவ்வளவு விரைவில் அரித்துவிடும் என்பதை அங்கு வாழ்வோர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கணையமரம், தாழ், திறவுகோல் எனத் தமிழர் கதவுக்கு வைத்த காவல்கள் பல. அவ்வரிசையில் இன்று மின்னணுப் பூட்டும் சேர்ந்துள்ளது. கடலோரக் குடியிருப்பொன்றின் வாயிலுக்கு இவற்றுள் எது பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஆளை அறியும் முறைகள் மூன்று. இரகசிய எண்ணை அழுத்துவது முதலாவது. எளியது, ஆயின் ஒருவர் அறிந்த எண்ணை நாளடைவில் தெருவே அறியும்! இரண்டாவது, அட்டை. 125 கிலோஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் பழைய அட்டைகள் பெரும்பாலும் தம் எண்ணை மறைப்பின்றி வெளியிடுவதால், அவற்றைப் படியெடுத்தல் எளிது. 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டைகளுள் மறைகுறியீடு வலுவாக உள்ளவையே நம்பத்தக்கவை.

மூன்றாவது, உடற்கூறு. கைரேகை, கருவிழி, முகம் ஆகியன இதன்பாற்படும். வலையும் கயிறும் இழுத்துத் தேய்ந்த மீனவர் விரலையும், முதியோர் விரலையும் கைரேகைக் கருவி பலகால் ஏற்பதில்லை. தம் வீட்டு வாயிலிலேயே ஒருவர் அயலாராய் நிற்க நேர்வது முறையன்று. மேலும், தொலைந்த அட்டையை மாற்றலாம். களவுபோன கைரேகையை மாற்ற இயலுமோ?

இனி, பூட்டைக் காண்போம். மின்காந்தப் பூட்டு, மின்னோட்டம் உள்ளவரை கதவைப் பற்றியிருக்கும். ஏறத்தாழ 270 கிலோ இழுவிசையைத் தாங்குபவை பரவலானவை. மின்சாரம் நின்றால் இது திறந்துகொள்ளும். வேறு சில பூட்டுகள் மின்சாரம் நின்றாலும் பூட்டியே கிடக்கும். திருடனை எண்ணுவோர் பின்னதை விரும்புவர். தீயையும் எண்ணுதல் வேண்டும். 1997 ஜூன் 13 அன்று தில்லி உப்ஹார் திரையரங்கில் புகை சூழ்ந்தபோது, மாடியிலிருந்தோர் வெளியேறும் வழி அடைபட்டமையால் 59 பேர் மாண்டனர். அங்கிருந்தவை மின்னணுப் பூட்டுகள் அல்ல. அடைபட்ட கதவுக்கு அவ்வேறுபாடு இல்லை. வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவியின்றித் திறக்கவேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறும் நெறி.

ஆகவே குருசுக்குப்பம் போன்ற இடத்துக்கு, மறைகுறியீடுள்ள அட்டையும், உள்ளிருந்து கையால் திருகியவுடன் திறக்கும் கைப்பிடியும் சாலும் என்போம். கைப்பிடி துருப்பிடிக்காத எஃகாலானதாக இருக்கட்டும்; அட்டை படிக்கும் கருவிக்கு உப்பு நீர் புகாத உறை வேண்டும். மின்தடைக்கென வைக்கும் மின்கலத்தை மாதமொருமுறை சோதிக்க ஒருவரைப் பொறுப்பாக்கிவிடுவதும் நன்று.