கழற்றப்படும் கவசம்: மெய்க்காப்பு அங்கியின் விரைவு விடுவிப்பு அமைப்புப் பற்றிய சில குறிப்புகள்

கவசம் என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருபவன் கர்ணனே. உடலோடு ஒட்டிப் பிறந்த கவசத்தை அவன் அரிந்தெடுத்து இந்திரனுக்கு ஈந்தமையைக் கொடையின் உச்சமாகவே நமது கதாப்பிரசங்கிகளும் கூத்துக் கலைஞரும் எடுத்துரைத்து வந்துள்ளனர். அக்கதையைக் கொடுத்தவனின் நோக்கில் அன்றி, கொடுக்கப்பட்ட பொருளின் நோக்கில் வாசிப்போமாயின் வேறொன்று புலப்படும். கழற்றுவதற்கு வழி வைக்கப்படாத கவசம் அது. நீக்க நேர்ந்தபொழுது தசையையும் சேர்த்தே நீக்கவேண்டியதாயிற்று.

ஒரு காப்பு எதனைத் தாங்கும் என்ற வினாவோடு, அதனை எப்பொழுது, எவர், எவ்வளவு விரைவாக நீக்கலாம் என்ற வினாவும் பிரிக்கமுடியாதவாறு பிணைந்துள்ளது. முதலாவது வினாவைப் பற்றிப் பொறியியலாளர் நிறைய எழுதியுள்ளனர். இரண்டாவதே இக்கட்டுரையின் பொருள். இலக்கிய மாணவனுக்கு இதில் என்ன அலுவல் என வினவுவோர் இருக்கலாம். மனிதர் ஆக்கிய பொருள் ஒவ்வொன்றும் அதனை ஆக்கிய சமுதாய உறவுகளைத் தன்னுள்ளே கொண்டுள்ளது. பனுவலை வாசிப்பதுபோலவே ஓர் அங்கியின் தையலையும் வாசிக்கலாம் என்பதே எனது விடை.

உயிரைக் காக்கும் அங்கி உயிருக்கே தடையாக மாறும் சந்தர்ப்பங்கள் சில உள. நீரில் வீழ்தல் அவற்றுள் ஒன்று. இக்காலத்து அங்கிகளில் வைக்கப்படும் போரன் காபைட்டுப் பீங்கான் தகடு, நீரைவிட இரண்டரை மடங்கு அடர்த்தியுடையது. தரையில் 10 இறாத்தல் நிறையுள்ள தகடு நீருக்குள்ளும் ஏறத்தாழ 6 இறாத்தலாகக் கீழே இழுக்கும். சப்பாத்தும் உடுப்பும் நனைந்து கனக்கும் நிலையில் நல்ல நீச்சற்காரனும் அதனை நெடுநேரம் தாங்கான். கவிழ்ந்த வாகனத்தின் ஒடுங்கிய கதவால் வெளியேற முயல்பவனுக்கு அங்கியின் நிறையைவிட அதன் பருமனே முதற்பகை.

காயம் பட்டவனின் நிலை இன்னும் சிக்கலானது. நெஞ்சறைக்குள் காற்றுப் புகுந்து தேங்குமாயின் அது நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கத் தொடங்கும். சில நிமிடங்களுக்குள் மார்பில் ஊசி ஏற்றி அக்காற்றை வெளியேற்றவேண்டும். அதற்கு மருத்துவ உதவியாளனுக்கு வெறும் மார்பு வேண்டும். அவன் கையிலுள்ள கத்தரிக்கோலோ, சன்னத்தைத் தடுக்கவென்றே நெய்யப்பட்ட அரமிட் துணியின் முன் மழுங்கிப்போகும். அங்கியைத் தலைவழியே உருவுவதாயின் காயமுற்றவனை எழுப்பி இருத்திக் கழுத்தை வளைக்கவேண்டும். முள்ளந்தண்டு உடைந்திருக்குமாயின் அச்செயலே அவனை முடமாக்கிவிடும்.

விரைந்து கழற்றும் அமைப்பு முதன்முதலாகப் பெருமளவிற் கையாளப்பட்ட சந்தர்ப்பங்களுள் ஒன்று இரண்டாம் உலக யுத்தத்தின் வான்போராகும். இங்கிலாந்திலிருந்து சென்று ஜேர்மனிமீது குண்டு வீசிய ஐக்கிய அமெரிக்காவின் எட்டாவது விமானப்படையில் வைத்தியராகப் பொறுப்பு வகித்தவர் கேணல் மல்கம் குரோ. விமானிகளின் காயங்களை ஆராய்ந்த அவர், அவற்றுட் பெரும்பான்மையானவை வேகம் குறைந்த சிதறல்களால் ஏற்பட்டவை எனக் கண்டார். மெல்லிய உருக்கே அவற்றைத் தடுக்கப் போதுமானது. 1942ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் இலண்டனிலிருந்த வில்கின்சன் சுவோர்ட் நிறுவனத்தை நாடினார். சவர அலகின் மூலம் நாம் அறிந்த அதே நிறுவனம்தான். வாள் செய்தவரே கவசமும் செய்யலாயினர். இரண்டு அங்குலச் சதுரமான மங்கனீசு உருக்குத் தகடுகளை ஒன்றன் விளிம்பை மற்றொன்று மூடும்வண்ணம் கன்வஸ் துணியில் தைத்து அவ்வங்கி ஆக்கப்பட்டது. நிறை ஏறத்தாழ 20 இறாத்தல்.

இதில் நமது கவனத்துக்குரியது தகடன்று, தோளிலும் இடுப்பிலும் அமைந்த இணைப்பாகும். விமானி பரசூட்டின் பட்டிகளை முதலில் உடலிற் பூட்டி, அதன்மேல் இவ்வங்கியை அணிந்தான். விமானம் எரியத் தொடங்கினால் அங்கியை எறிந்துவிட்டுப் பரசூட்டை மார்பிற் கொளுவிக்கொண்டு குதிக்கவேண்டும். இருபத்தையாயிரம் அடி உயரத்தில், உறைகுளிரில், தடித்த கையுறையோடு, சுழன்று வீழும் விமானத்துக்குள் பொத்தான் ஒவ்வொன்றாகக் கழற்றுவது நடவாத காரியம். ஆகவே ஒரு பட்டியை ஒருமுறை இழுத்த அளவில் அங்கி முழுவதும் பிரிந்து காலடியில் விழும்படி அமைத்தனர். காப்பின் பெறுமதி அதனைத் துறக்கும் வசதியிலும் தங்கியுள்ளது என்பது தொழில்நுட்பரீதியாக இங்கு ஏற்கப்பட்டது.

ஆயின் எவருக்காக ஏற்கப்பட்டது? அதே யுத்தத்தில் சேற்றில் நடந்த அமெரிக்கக் காலாட்படைச் சிப்பாய்க்கு இத்தகைய அங்கி பொதுவாக வழங்கப்படவில்லை. கொரிய யுத்தத்திலேயே அது அவனை வந்தடைந்தது. நடப்பவனுக்கு நிறை பெருந்தடை என்பது உண்மையே, அதனை மறுப்பதற்கில்லை. எனினும், நீண்ட பயிற்சியும் பெரும் பணமும் செலவிட்டு உருவாக்கப்பட்ட விமானி இழக்கத்தகாத உழைப்புச் சக்தியாகக் கணிக்கப்பட்டான் என்பதும் உண்மை. இதனை யாந்திரிகமாக விளங்கிக்கொள்ளலாகாது. குரோ போன்றாரை இயக்கிய மனிதாபிமானம் போலியானதன்று. ஆனால் அம்மனிதாபிமானம் எந்த வாயிலால் உட்செல்ல அனுமதிக்கப்பட்டது என்பதை நிருவாகத்தின் கணக்கே நிருணயித்தது.

கொரியாவிலும் வியட்நாமிலும் அணியப்பட்ட நைலோன் அங்கிகள் முன்பக்கம் திறப்பவை. அவற்றைக் கழற்றுதல் பெரும் பிரச்சினையாக இருக்கவில்லை. 1965ஆம் ஆண்டு டூபொன்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் என்னும் இரசாயனவியலாளர் கண்டறிந்த இழையிலிருந்து கெவ்லார் பிறந்தது. பின்னர் பீங்கான் தகடுகள் அதனோடு சேர்ந்தன. ஈராக் ஆக்கிரமிப்பின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிப்பாய் அணிந்திருந்த முன்திறப்பு அங்கி இரு தகடுகளுடன் ஏறத்தாழ 16 இறாத்தல் நிறையுடையது. வீதியோரக் குண்டுகள் பெருகவே கழுத்துக்கும் தோளுக்கும் அரைக்கும் விலாவுக்கும் காப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. வாகனங்களுக்கும் கவசம் ஏறிற்று, பாரம் மிகுந்த வாகனங்கள் வாய்க்கால்களிற் கவிழ்ந்தன, உள்ளிருந்தோர் மூழ்கினர். ஆபத்தொன்றைத் தடுக்கச் சேர்த்த நிறையே மற்றோர் ஆபத்தாயிற்று.

2007ஆம் ஆண்டு வழங்கப்படத் தொடங்கிய திருத்தப்பட்ட அங்கி இம்முரண்பாட்டிலிருந்து தோன்றியது. அதில் முன்திறப்பு நீக்கப்பட்டது. தலைவழியே அணிந்து பக்கங்களில் இறுக்கும் முறை வந்தது. இதனால் காப்பு உறுதிப்பட்டது. கழற்றுதல் முன்னையிலும் கடினமாயிற்று. எனவே புதிய பூட்டுக்குப் புதிய திறவுகோல் தேவைப்பட்டது. அதன் தத்துவம் எளியது. அங்கியின் முன்பாதியும் பின்பாதியும் சந்திக்கும் இடங்களிலே துணி வளையங்கள் ஒன்றனுள் ஒன்றாகக் கோக்கப்பட்டு, அவற்றினூடே மெல்லிய கம்பிவடங்கள் ஓடுகின்றன. கதவின் பிணைச்சலிலே ஊடுருவி நிற்கும் ஆணியைப் போன்றது இவ்வடம். வடங்களின் நுனிகள் மார்புப் பக்கத்திலுள்ள ஒரே பிடியிற் சேர்கின்றன. பிடியை இழுத்தால் வடங்கள் உருவப்பட்டு, வளையங்கள் விடுபட்டு, அங்கி பிரிந்து விழும்.

வடிவமைப்பாளனின் உண்மையான இடர் இவ்விடத்திலேதான் தொடங்குகின்றது. பிடி எளிதில் இழுபடுமாயின் வாகனக் கதவிலோ துவக்கின் பட்டியிலோ சிக்கிச் சண்டையின் நடுவே அங்கி கழன்றுவிடும். கடினமாயின் இரத்தமிழந்து தளர்ந்த கை அதனை இழுக்கமாட்டாது. ஆகவே பிடியை ஒரு மடிப்பின் கீழ் மறைப்பர். மறைத்ததை இருளிலும், நீருக்கடியிலும், கையுறையோடும் தடவிக் கண்டுபிடிக்கக்கூடியதாகவும் வைக்கவேண்டும். வலக்கை முறிந்தவன் இடக்கையால் எட்டவேண்டும். மயங்கிக் கிடப்பவன் பொருட்டு, அவனை முன்பின் அறியாத மருத்துவ உதவியாளனும் பிடி இருக்குமிடத்தை உடனே அறியவேண்டும். பிரித்தானியரின் பரசூட்டுப் பட்டிப் பெட்டி இத்தகைய இடருக்கு வேறொரு தீர்வைக் கண்டிருந்தது: முதலில் திருகவேண்டும், பின்னர் அமுக்கவேண்டும். தற்செயலாக நிகழ இயலாத இரு அசைவுகள். ஆனால் மூழ்குபவனிடம் இரண்டாவது அசைவை எதிர்பார்த்தல் நியாயமா என்ற கேள்வி எஞ்சுகின்றது.

உருவிய வடத்தை மீண்டும் கோப்பதும் இலகுவான காரியமன்று. வளையங்களை வரிசை பிசகாது அடுக்கி அவற்றினூடே வடத்தைச் செலுத்தவேண்டும். அதனால் பயிற்சியின்போது பிடியை இழுத்துப் பார்க்கத் தயங்கும் மனப்பான்மை இயல்பாகவே உண்டாகும். ஒருமுறையேனும் இழுத்துப் பழகாத கை நெருக்கடியிற் பிடியைத் தேடும். எறிந்தபின் எடுத்துப் பூட்டும் வசதியும் விடுவிப்பு அமைப்பின் அங்கமே என்பேன். பக்கவாட்டில் ஒன்றனுள் ஒன்று செருகிப் பூட்டும் குழாய் வடிவக் கொளுவிகள் பின்னர் செல்வாக்குப் பெற்றமைக்கு இதுவுமொரு காரணம்.

மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில், மாறா மூலதனத்தைச் சிக்கனப்படுத்தல் பற்றிய அதிகாரத்தில், சுரங்கங்களிலும் ஆலைகளிலும் பாதுகாப்புச் சாதனங்களில் மிச்சம் பிடிக்கப்படும் பணம் தொழிலாளரின் உடலிலிருந்தே கறக்கப்படுவதை மார்க்ஸ் விரித்துரைக்கின்றார். படைச் சிப்பாய் பண்டம் உற்பத்தி செய்பவனல்லன். ஆயினும் அச்சிக்கனத்தின் சாயல் அங்கும் உண்டு. 2003இல் ஈராக்குக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்குத் தகடுகள் கிட்டவில்லை. அவர்தம் குடும்பத்தினர் சொந்தப் பணத்தில் வாங்கி அனுப்பினர். 1,100 டொலர்வரை அப்பணத்தை மீள வழங்குவதற்குச் சட்டம் பிறந்தது 2004இல். உலகின் மிகச் செல்வம் படைத்த படையின் கதை இது.

நம்மண்ணில் இவ்வங்கியை இன்று உழைப்புக் கருவியாக அணிவோர் கண்ணிவெடி அகற்றும் தொழிலாளர். முகமாலை போன்ற இடங்களில் இத்தொழிலிற் பெண்கள் கணிசமாக உள்ளனர். யுத்தத்திற் கணவரை இழந்தோர் அவருட் பலர். சர்வதேச நியமம் அவர்களது அங்கி விநாடிக்கு 450 மீற்றர் வேகமுள்ள சோதனைச் சிதறலைத் தாங்கவேண்டும் எனவும், முகமறைப்பு 5 மில்லிமீற்றர்ப் பொலிகாபனேற்றுக்கு நிகராயிருக்கவேண்டும் எனவும் விதிக்கின்றது. வெடி நிலத்திலிருந்து, முன்புறமாக வருவது. ஆகவே முன்னுடலை மட்டும் மூடி, முதுகுப்புறம் பட்டிகளால் இணைக்கப்படும் முன்னங்கியே பெரும்பாலும் போதுமானதாகின்றது. வெயிலில் முழந்தாளிட்டு வேலை செய்பவளுக்கு முதுகு திறந்திருப்பது சிறு ஆறுதல். ஓய்வுநேரத்தில் கழற்றுவதும் எளிது.

ஆனால் அப்பட்டிகளின் கொளுவி எங்கே அமைகின்றது என்பது சிறிய விடயமன்று. முதுகின் நடுவில் அமையுமாயின் இன்னொருவர் கை வேண்டும். விபத்தொன்று நிகழ்ந்தால், செல்லும் பாதை பாதுகாப்பானது என உறுதிசெய்யாமல் எவரும் காயமுற்றவளை நோக்கி ஓடலாகாது என்பது அத்தொழிலின் கண்டிப்பான விதி. பாதையைச் சோதித்துவரச் செல்லும் நிமிடங்களில் அவளருகே இருப்பது அவளுடைய கை மட்டுமே. விலாப்புறத்தில், எந்தக் கைக்கும் எட்டும்படி அமைந்த கொளுவியையே அக்கை திறக்கும்.