தட்டினால் நிற்கும் வண்டி: ஹைட்டி மக்களின் போக்குவரத்து, அன்றும் இன்றும்



சாலையின் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் செம்மண் சடக்கில் லோரி புதைந்துவிட்டால் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும், நோயாளியின் கதி என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கவலையையே தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வரும் ஒரு நாட்டைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம். அந்த நாட்டின் பெயர் ஹைட்டி. அங்கே மக்கள் அன்று எப்படிப் பயணம் செய்தார்கள், இன்று எப்படிப் பயணம் செய்கிறார்கள், அவர்களுக்கு வழி அமைத்தவர்கள் யார், அந்த வழியை அடைத்தவர்கள் யார் என்பதே நமது இன்றைய பேச்சு.

உலகப் படத்தை விரித்துப் பாருங்கள். வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே கரிபியன் கடல் இருக்கிறது. அந்தக் கடலில் ஹிஸ்பானியோலா என்றொரு பெரிய தீவு. அதன் மேற்குப் பகுதி, மூன்றில் ஒரு பங்கு, ஹைட்டி. பரப்பளவு சுமார் 27,750 சதுர கிலோமீட்டர். நமது பகாங் மாநிலத்தைவிடச் சிறியது. ஆனால், ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அங்கே வாழ்கிறார்கள். நாட்டின் பெரும்பகுதி மலை. அத்தீவின் பழங்குடி மக்கள் வைத்த பெயருக்கே 'மலை நாடு' என்றுதான் பொருள் சொல்வார்கள். 'மலைக்குப் பின்னே மலை' என்பது அந்நாட்டின் பேர்பெற்ற பழமொழி. ஒரு தொல்லை தீர்ந்தால் மறு தொல்லை காத்திருக்கும் என்பது அதன் கருத்து. நடந்து களைத்த கால்கள் சொன்ன பழமொழி என்றே அதைக் கொள்ளலாம்.

மக்கள் ஏன் அந்த மலைகளில் குடியேறினார்கள்? அதற்கு ஒரு காரணம் உண்டு. ஹைட்டி ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டமாக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் சமவெளிகளில் கரும்பு வெட்டினார்கள். 1791-ஆம் ஆண்டில் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பல ஆண்டுகள் போரிட்டு, 1804 ஜனவரி முதல் நாள் தங்கள் நாட்டைச் சுதந்திர நாடாக அறிவித்தார்கள். அதன்பின் பலருக்கு மீண்டும் தோட்டத்து வேலைக்குப் போக மனமில்லை. சொந்தமாகக் கையகல நிலம் இருந்தால் போதும் என்று மலைச்சரிவுகளில் குடிசை போட்டுக்கொண்டார்கள். விடுதலை கிடைத்தது, ஆனால் வீட்டுக்கும் சந்தைக்கும் இடையே மலை நின்றது.

சாலை போட அரசாங்கத்திடம் பணம் இருந்ததா? அதுவும் இல்லை. 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் ஈடாக 15 கோடி பிராங்க் தர வேண்டும் என்று மிரட்டியது. 1838-இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அந்தத் தொகையையும் அதற்காக வாங்கிய கடனையும் அடைக்கப் பல தலைமுறைகள் ஆயின. சாலைக்கும் பள்ளிக்கும் போக வேண்டிய பணம் கடனுக்கே போயிற்று.

ஆகவே மக்கள் நடந்தார்கள். அன்றைய ஹைட்டியின் முதல் வாகனம் மனிதக் கால்தான். பெண்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, அதன்மேல் காய்கறிக் கூடையை ஏற்றி, விடியுமுன்னே மலையிறங்கினார்கள். சற்று வசதி உள்ளவர்கள் கழுதையோ கோவேறு கழுதையோ வைத்திருந்தார்கள். அதன் இருபுறமும் ஓலையில் பின்னிய பைகள் தொங்கும். ஒரு பையில் காப்பிக்கொட்டை, மறு பையில் வாழைக்காய். சமவெளியில் காளை பூட்டிய வண்டிகள் கரும்பு இழுத்தன. கடலோர ஊர்களுக்குப் பாய்மரப் படகுகள் சரக்கும் ஆளும் ஏற்றிச் சென்றன.

இந்தச் சந்தைப் பெண்களுக்கு ஹைட்டியில் ஒரு தனிப் பெயர் உண்டு. 'மடான் சாரா' என்பார்கள். எங்கே இரை இருந்தாலும் தேடிப் போய், கூட்டமாகக் கூவும் ஒரு பறவையின் பெயர் அது. கிராமத்தில் விளைந்ததை வாங்கிப் பட்டணத்துக்குக் கொண்டு சேர்ப்பவர்கள் இவர்களே. நாட்டின் உணவு இவர்கள் தலையிலும் தோளிலும்தான் நகர்ந்தது. அன்று நடந்து போனவர்கள், பிற்காலத்தில் லோரியின் உச்சியில், மூட்டைகளின் மேல் அமர்ந்து போனார்கள். சந்தையிலேயே இரவு படுத்து, சரக்கு விற்ற பிறகே வீடு திரும்பினார்கள். அந்த வருமானத்தில்தான் பல வீடுகளில் பிள்ளைகள் படித்தார்கள்.

ரயில் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது, ஆனால் மக்களுக்காக வரவில்லை. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸை அடுத்த சமவெளியில் ஓடிய ரயில், கரும்பை ஆலைக்குச் சுமந்தது. 1910-இல் ஓர் அமெரிக்கருக்கு வடக்கு நோக்கி ரயில்பாதை போடும் உரிமை தரப்பட்டது. பாதையின் இருபுறமும் வாழை பயிரிடும் உரிமையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அங்கே உழுதுகொண்டிருந்த குடியானவர்கள் நிலத்தை இழந்தார்கள். பாதையோ முழுமை பெறவில்லை. ஒன்றோடொன்று சேராத மூன்று துண்டுகளாக நின்றுபோயிற்று. தலைநகருக்கு அருகே இருந்த பெரிய சர்க்கரை ஆலை 1987-இல் மூடப்பட்டது. இன்று ஹைட்டியில் பயணிகள் ரயில் எதுவும் இல்லை.

சாலை வந்த கதை இதைவிடக் கசப்பானது. 1915-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை ஹைட்டியைக் கைப்பற்றி, 1934 வரை அங்கே தங்கியது. படைகள் விரைந்து செல்லச் சாலை தேவைப்பட்டது. குடியானவர்கள் தங்கள் வட்டாரச் சாலையில் சில நாட்கள் கூலியின்றி உழைக்க வேண்டும் என்று 1864-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருந்தது. தூங்கிக் கிடந்த அந்தச் சட்டத்தை 1916-இல் எழுப்பினார்கள். ஆண்களைச் சொந்த ஊரிலிருந்து தொலைவுக்குப் பிடித்துச் சென்றார்கள். கயிற்றால் பிணைத்து நடத்தினார்கள். தப்பி ஓடியவர்கள் சுடப்பட்டார்கள். அடிமை விலங்கை உடைத்த மக்களின் பேரப் பிள்ளைகளுக்கு இது எப்படி இருந்திருக்கும்! தலைநகரையும் வடக்கே காப் ஹைட்டியன் நகரையும் இணைத்து, 1918-இல் கார் ஓடும் சாலை தயாராயிற்று. அந்த ஆண்டிலேயே மலைகளில் கலகமும் மூண்டது. அதற்குத் தலைமை தாங்கிய சார்ல்மான் பெரால்த் 1919-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அவர் அந்நாட்டின் தேசிய வீரர்களுள் ஒருவர்.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஹைட்டி மக்களிடையே 'கொன்பிட்' என்ற பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் நிலத்தில் வேலை என்றால் ஊரார் எல்லாரும் மண்வெட்டியோடு வருவார்கள். முரசு கொட்டிப் பாட்டுப் பாடி வேலை செய்வார்கள். நிலத்துக்காரர் சோறு போடுவார். நாளை மற்றவர் நிலத்தில் அவர் போய் உழைப்பார். உழைப்புக்கு அஞ்சியவர்கள் அல்லர் அம்மக்கள். மனமுவந்து கூடும்போது பாட்டோடு வேலை செய்த அதே கைகள்தாம், கயிறு கட்டி இழுத்தபோது ஆயுதம் ஏந்தின.

மோட்டார் வாகனம் பெருகிய பிறகு, மக்கள் தங்களுக்கென்று ஒரு வண்டியை உண்டாக்கிக்கொண்டார்கள். அதுதான் 'டாப்-டாப்'. வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த சிறிய லோரியை வாங்கி வருவார்கள். தச்சர் அதன் பின்புறத்தில் மரக்கூண்டு அமைத்து, இரண்டு நீளப் பலகைகளை எதிரெதிரே பொருத்துவார். பிறகு ஓவியர் வந்து இண்டு இடுக்கு விடாமல் வண்ணம் தீட்டுவார். வேதாகம வசனம், காற்பந்து வீரர், பாடகர், சிங்கம், பூ என்று எதுவும் அதில் இடம்பெறும். கடவுளுக்கு நன்றி சொல்லும் வாசகம் நெற்றியில் மின்னும். அழகுக்காக மட்டும் அல்ல. அழகான வண்டியைத்தான் பயணிகள் தேடி ஏறுவார்கள்.

இந்த வண்டிக்குக் கால அட்டவணை கிடையாது. ஆள் நிறைந்தால் புறப்படும். இறங்க வேண்டிய இடம் வந்ததும் வண்டியின் பக்கத்தில் 'டப், டப்' என்று தட்ட வேண்டும். ஓட்டுநர் நிறுத்துவார். இறங்கியவர் முன்பக்கம் போய்ச் சன்னல் வழியே காசு கொடுப்பார். அந்தத் தட்டும் ஓசையே வண்டிக்குப் பெயராயிற்று என்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க அமர்ந்து, குழந்தையையும் கோழியையும் ஒருவர் மடியிலிருந்து மற்றவர் மடிக்கு மாற்றிக்கொள்வார்கள். பட்டணத்தில் கண்ணாடியில் சிவப்பு நாடா தொங்கினால் அது பங்கு டாக்சி. ஊருக்கு ஊர் போகப் பெரிய பஸ்கள். 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு மலிவான மோட்டார் சைக்கிள்கள் பெருகி, கார் ஏறாத மலைப்பாதையிலும் வாடகைக்கு ஓடலாயின. அதுவும் போகாத இடத்தில் நோயாளியைக் கதவுப் பலகையிலோ நாற்காலியிலோ வைத்து, நான்கு பேர் தோள்மாற்றித் தூக்கிச் செல்வதும் உண்டு.

வண்டி இருந்தால் மட்டும் போதுமா? பாதுகாப்பும் வேண்டும். தென்மேற்கே உள்ள ஜெரெமி என்ற ஊருக்குத் தரைவழிப் பயணம் மிகக் கடினமாக இருந்ததால் பலர் கப்பலையே நம்பினார்கள். 1993 பிப்ரவரியில் நெப்டியூன் என்ற கப்பல், அளவுக்கு மீறிய ஆட்களோடும் கால்நடைகளோடும் தலைநகரை நோக்கிப் புறப்பட்டு, புயல்மழையில் மூழ்கியது. பல நூறு பேர் மாண்டார்கள். நல்ல சாலை இருந்திருந்தால் அவர்களில் பலர் அன்று கடலில் இறங்கியிருக்க மாட்டார்கள்.

இயற்கையும் சோதித்தது. 2010 ஜனவரி 12-இல் பூமி அதிர்ந்து தலைநகர் சரிந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்று கணக்கிடப்பட்டது. துறைமுகம் உடைந்தது, தெருக்களை இடிபாடுகள் அடைத்தன. அப்போது காயம்பட்டவர்களை டாப்-டாப்களும், தள்ளுவண்டிகளும், பெயர்த்தெடுத்த கதவுகளுமே மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தன. 2016 அக்டோபரில் வீசிய மாத்தியூ புயலில், பெத்தி-குவாவ் என்ற ஊரில் ஒரு பாலம் விழுந்தது. அந்த ஒரு பாலம் விழுந்ததால் தெற்குப் பகுதி முழுவதும் தலைநகரிலிருந்து துண்டிக்கப்பட்டது.

ஆனால், இயற்கை அடைத்த வழியைவிட மனிதர் அடைத்த வழியே கொடியது. 2021 ஜூன் முதல், தலைநகரின் தெற்கு வாயிலான மார்த்திசான் பகுதியை ஆயுதக் கும்பல்கள் பிடித்துக்கொண்டன. தெற்கே செல்லும் இரண்டாம் தேசிய நெடுஞ்சாலை அந்தப் பகுதி வழியாகத்தான் செல்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டு 14-இல் தெற்கில் மற்றொரு நிலநடுக்கம் வந்து 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, உதவிப் பொருள் ஏற்றிய லோரிகள் அந்தச் சாலையில் போக அஞ்சின. 2022-இல் கும்பல்கள் எரிபொருள் கிடங்கை வாரக்கணக்கில் முற்றுகையிட்டன. டாப்-டாப்கள் நின்றன, மருத்துவமனைகளின் மின்னாக்கிகளும் நிற்கும் நிலை வந்தது. 2024 நவம்பரில் தலைநகரில் இறங்க வந்த பயணிகள் விமானம்கூடச் சுடப்பட்டது.

சாலையை மறித்துக் கும்பல்கள் வரி கேட்டன. ஓட்டுநர் அதைக் கட்டணத்தில் ஏற்றினார். மடான் சாரா அதைக் காய்கறி விலையில் ஏற்றினாள். கடைசியில் அந்த வரியைக் கட்டியது யார்? பிள்ளைக்குச் சோறு பொங்கும் ஏழைத் தாய்தான். பலர் பழையபடி மலைப்பாதையையும் படகையும் நாடினார்கள். நூறாண்டுக்கு முன் பாட்டி நடந்த வழியில் பேத்தியும் கூடையோடு நடக்க நேர்ந்தது.

நேயர்களே, ஹைட்டியின் கதையிலிருந்து நாம் அறிவது என்ன? சாலை என்பது வெறும் கல்லும் தாரும் அல்ல. கரும்புக்காகப் போட்ட தண்டவாளம் கரும்போடு மறைந்தது. படைக்காகப் போட்ட சாலை பகையை வளர்த்தது. மக்கள் தாமே உண்டாக்கிய டாப்-டாப் மட்டும் இத்தனை துன்பத்திலும் நிலைத்து நிற்கிறது. ஆனால், அந்த வண்டியும் அச்சமின்றி ஓட ஒரு வழி வேண்டும். விளைந்தது சந்தைக்கும், பிள்ளை பள்ளிக்கும், நோயாளி மருத்துவரிடமும் தடையின்றிப் போய்ச் சேரும் நாளே அம்மக்களுக்கு உண்மையான விடுதலை நாள். தட்டினால் வண்டி நிற்கும். வழி திறக்கவும் வேண்டுமல்லவா? அந்த நாள் விரைவில் வரட்டும்.