காப்பீட்டுப் பத்திரமும் எண்ணூர்ப் புகையும்

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் முதல் மருத்துவக் காப்பீட்டுக்கு வரி இல்லை என்று பத்திரிகைகளில் படித்த அங்கத்தினர் பலருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. வரி நீங்கியது உண்மையாயின், சங்கத்தின் வாயிலாக எடுத்த காப்பீட்டின் பிரீமியம் ஏன் குறையவில்லை? விடை எளிது, ஆனால் மகிழ்ச்சி தருவதன்று. நீங்கியது, தனி மனிதரோ ஒரு குடும்பத்தாரோ தம் பெயரில் எடுக்கும் காப்பீட்டின் மேலிருந்த 18 சதவிகித வரி மட்டுமே. பலர் கூடி ஒரே பத்திரத்தில் எடுக்கும் குழுக் காப்பீட்டுக்கு அவ்விலக்கு அளிக்கப்படவில்லை. பிரீமியம் 4,000 ரூபாய் எனக் கொண்டால், தனியே எடுப்பவர் 4,000 செலுத்துவார்; கூட்டாகச் சேர்ந்தவர் 4,720 செலுத்த வேண்டும். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பதை வரிச் சட்டம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை போலும்!

இவ்வரியை நீக்க வேண்டுமென்று 2024 ஜூலையில் நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதியவர் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி. எதிர் அணியைச் சேர்ந்த மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜியும் அடுத்த மாதமே அதனைக் கோரினார். ஆகவே வரியை நீக்குவதில் கட்சிப் பூசல் இல்லை. நீக்கினால் மாநிலங்கள் இழக்கும் வருமானத்தை யார் ஈடு செய்வது என்பதில்தான் பூசல் எழுந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட எதிர்க்கட்சி ஆளும் மாநிலங்கள் மத்திய அரசாங்கம் ஈடு தர வேண்டுமென வற்புறுத்தின.

சரக்கு சேவை வரி மன்றம் அதே கூட்டத்தில் செய்த மற்றொரு மாற்றத்தை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். நிலக்கரி டன் ஒன்றுக்கு 400 ரூபாய் என்றிருந்த மேல்வரி நீக்கப்பட்டது. நிலக்கரியின் மீதான பொது வரி 5 சதவிகிதத்திலிருந்து 18 ஆக உயர்ந்தது. இம்மேல்வரி 2010-இல் தூய ஆற்றலுக்கு நிதி திரட்டுவதற்கென 50 ரூபாயாகத் தொடங்கி, 2016-இல் 400-ஐ எட்டியது. 2017-க்குப் பின் மாநிலங்களின் வரி இழப்பை ஈடு செய்யவே அது சென்றது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். டன் 1,500 ரூபாய் விலையுள்ள மலிவான கரிக்கு முன்னர் 75-உம் 400-உம் சேர்ந்து 475 ரூபாய் வரி, இப்போது 270. டன் 4,000 ரூபாய் விலையுள்ள உயர்ந்த கரிக்கோ 600 என்றிருந்தது 720 ஆகிறது. அதாவது, சாம்பல் மிகுந்த உள்நாட்டுக் கரிக்கு வரி இறங்கியது. சாம்பல் குறைந்த கரிக்கு ஏறியது. மின் விலைக்கு இது நன்மை. எண்ணூர்க் கழிமுகத்துக்கு நன்மையா என்பது வேறு கேள்வி.

எண்ணூரைப் பற்றி நெசவாளரும் விவசாயியும் ஏன் அறிய வேண்டும்? 2023-இல் அறிவித்தபடி இரு மாதங்களுக்குக் கைத்தறிக்கு 300 யூனிட்டும், விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் இலவசமாக வருகின்றன. பம்புசெட்டுக்கு அதற்கு நெடுநாள் முன்பே இலவச மின்சாரம் வந்துவிட்டது. இம்மின்சாரத்தில் ஒரு பங்கு வடசென்னை அனல் நிலையங்களில் பிறக்கிறது. ஒரிசாவின் தால்சேர்ச் சுரங்கக் கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி, 2001-இல் திறந்த எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்குகிறது. முன்பு சென்னைத் துறைமுகத்திலும் கரி இறங்கியது. இராயபுரத்து வீடுகளில் கரித்தூள் படிந்தது. 2011-இல் உயர்நீதிமன்றம் அதனைத் தடுத்தது. இராயபுரம் மூச்சு விட்டது. சுமை எண்ணூருக்கு நகர்ந்தது. சாம்பற் குழம்பைக் கொண்டுசெல்லும் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலால் மீனும் இறாலும் குன்றின. அச்சேதத்தைச் சீர்செய்யும் பொறுப்பு மின்கழகத்தினுடையதே எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது.

காப்பீட்டிலோ நம் மாநிலக் கட்சிகள் ஓயாது மோதுகின்றன. 2009 ஜூலையில் தி.மு.க. அரசாங்கம் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2011-இல் ஆட்சி மாறியதும் அது நிறுத்தப்பட்டு, 2012 ஜனவரியில் அ.தி.மு.க. அரசாங்கம் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2018-இல் மத்திய அரசாங்கத்தின் திட்டம் அதனுடன் இணைந்து, காப்புத்தொகை 5 லட்சமாயிற்று. அட்டையில் யார் பெயர், யார் படம் என்பதே மேடைப் பேச்சாயிற்று. அனல் நிலையங்களில் இந்த மோதலைக் காணோம். ஒரு கட்சியின் ஆட்சியில் தொடங்கிய அலகை மறு கட்சி முடித்துத் திறந்து வைத்தது. 800 மெகாவாட் மூன்றாம் நிலை 2024 மார்ச்சில் அவ்வாறே திறக்கப்பட்டது. அமெரிக்காவில் நிலைமை வேறு. 2022 ஆகஸ்டில் காப்பீட்டு மானியத்தையும் பருவநிலைச் செலவையும் ஒரே சட்டத்தில் வைத்து ஒரு கட்சி நிறைவேற்ற, மறு கட்சியில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. அங்கே கொள்கையில் பிளவு. இங்கே பெயரில் பிளவு, புகையில் உடன்பாடு.

இப்பெயர்ப் போட்டியில் மறைந்துபோன ஒன்றையே நாம் கேட்க வேண்டும். திருவொற்றியூரில் தொழிற்சாலை வேலை பார்ப்பவருக்கு தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தின்படி புறநோயாளியாகவே மருந்து கிடைக்கிறது. நோயால் வேலைக்குச் செல்லாத நாட்களுக்கு, ஆண்டில் 91 நாள் வரை, 70 சதவிகிதக் கூலியும் உண்டு. அடுத்த தெருவில் வாழும் மீனவருக்கும், வீட்டுத் தறியில் அமரும் நம் அங்கத்தினருக்கும் இருப்பது காப்பீட்டு அட்டை மட்டுமே. அது அறுவைச் சிகிச்சைக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் உதவும். நாட்பட்ட இருமலுக்கு மாதந்தோறும் வாங்கும் மருந்துக்கும், இழந்த கூலிக்கும் அதில் இடமில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மருந்து இலவசந்தான். வரிசையில் நிற்கும் நாளின் கூலியை யார் தருவார்? புகையும் பஞ்சுத் தூசும் தரும் நோய் பெரும்பாலும் இவ்வகையினதே.

குழுக் காப்பீட்டுக்கும் விலக்கு வேண்டுமெனச் சங்கங்கள் தத்தம் தலைமைச் சங்கங்களின் மூலம் அரசாங்கத்துக்கு எழுதலாம். அதற்கிடையில், வரியை எண்ணிக் குழுவைக் கலைத்துவிட்டுத் தனிப் பத்திரத்துக்கு ஓடுவது எப்போதும் இலாபமாகாது. தனிப் பத்திரத்தில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். குழுப் பத்திரங்கள் பலவற்றில் முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு. புதுப்பிக்கும் முன் காரியதரிசிகள் அந்த விதியைப் பத்திரத்தில் தேடிப் படித்து, உறுப்பினர் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவார்களாக.