மிச்சம் எங்கே போயிற்று?

நாகர்கோவில் வடசேரியில் ஒரு ரீசார்ஜ் கடை. சென்ற வாரம் என் மைனி அங்கே நூறு ரூபாய் கொடுத்து, செல்போனுக்கு டாப்-அப் போட்டார். கணக்கில் ஏறிய தொகையைப் பார்த்ததுதான் தாமதம்:

“ஏன் அண்ணாச்சி, நூறு ரூவா தந்தேன், எண்பத்தொண்ணே முக்கால்தான் வந்திருக்கு. மிச்சத்த யாரு எடுத்தா?”

“நான் எடுக்கல்லம்மா, எல்லாம் வரி!” என்று கையை விரித்தார் அண்ணாச்சி.

மைனி விடுவாரா? “நூத்துக்குப் பதினெட்டு வரின்னா எண்பத்திரண்டுல்லா மிஞ்சணும்? கால் ரூவா எங்க?”

நல்ல கேள்வி! சகோதரிகளே, ஒரு பென்சில் எடுத்துக் கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28½ சக்கரம் என்று திருவிதாங்கூர்க் கணக்குப் போட்ட பாட்டிமாரின் பேத்திகளுக்கு இது பிரமாதமில்லை.

நாம் கொடுக்கும் நூறு ரூபாய்க்குள்ளேயே வரி அடக்கம். அசல் 84 ரூபாய் 75 காசு. அதற்கு 18 சதவீதம் வரி 15 ரூபாய் 25 காசு. இரண்டும் சேர்ந்தால் நூறு. ஆக, வரி பதினெட்டு ரூபாய் இல்லை. அசலிலிருந்து 3 ரூபாயைக் கம்பெனி தன் கட்டணமாகப் பிடித்துக் கொள்கிறது. மிஞ்சுவது 81.75. வரி விலைக்குள்ளேயே இருப்பதால், “வரிக்கு மேலே இரண்டு ரூபாய் கொடுங்கள்” என்று எந்தக் கடைக்காரராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்த மூன்று ரூபாயில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூன்று ரூபாய் அல்லது விலையில் பத்தில் ஒரு பங்கு, இதில் எது குறைவோ அதற்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது டிராய் ஆணையத்தின் விதி. தோவாளையில் பூக்கட்டும் எங்கள் அத்தை, கையில் காசு புரளும்போதெல்லாம் பத்து ரூபாய்க்குப் போடுவார். அதில் வரி போக, கட்டணம் ஒரு ரூபாயும் போக, ஏறுவது 7 ரூபாய் 47 காசு. பத்து தடவை போட்டால் 74 ரூபாய் 70 காசு. மைனி ஒரே தடவையில் பெற்றதைவிட ஏழு ரூபாய் குறைவு! வரி இருவருக்கும் ஒன்றேதான். கட்டணம்தான் அத்தையைக் கடிக்கிறது.

டெலிபோனுக்குச் சேவை வரி வந்தது 1994 ஜூலையில். அப்போது 5 சதவீதம். ஏறி ஏறி 15 ஆகி, 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் 18 ஆயிற்று. அதில் பாதி மத்திய சர்க்காருக்கு, பாதி மாநிலத்துக்கு.

எந்த மாநிலத்துக்கு? 1956 நவம்பர் 1-ம் தேதி நம் மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததே, அந்த எல்லைக்கோடு இங்கேயும் குறுக்கே வருகிறது. களியக்காவிளையில் கடையில் பணம் கொடுத்துப் போட்டால், விற்கும் ஏஜண்டின் விலாசம் எந்த மாநிலமோ அதற்கு. வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் கட்டினால், கம்பெனிப் பதிவேட்டில் உங்கள் விலாசம் எங்கே இருக்கிறதோ அங்கே. திருவனந்தபுரம் விலாசத்தில் வாங்கிய சிம்முக்கு மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து பணம் கட்டுகிறீர்களா? மாநிலப் பங்கு கேரளத்துக்குத்தான் போகும்!

இன்னொன்று. டாப்-அப் வேறு, ‘பேக்’ வேறு. டாப்-அப் போட்டதனால் மட்டும் பல இணைப்புகளில் ஆயுள் நீளாது. அதற்குத் தனியே பேக் போட வேண்டும். அதன் விலையிலும் இதே வரி உள்ளே இருக்கிறது. 199 ரூபாய் என்றால் 30 ரூபாய் 36 காசு வரி. அத்தையிடம் இருப்பதோ பொத்தான் போன். இன்டர்நெட் என்பதே அதில் கிடையாது. அப்படியும் இன்டர்நெட் சேர்ந்த பேக்கைத்தான் அவர் தலையில் கட்டி வந்தார்கள். வேண்டாத சரக்கு, அதற்கு வரி வேறே!

பேசுவதற்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான பேக்கைத் தனியாக விற்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. ஒரு வருஷம் வரை ஆயுளும் கொடுக்கலாம் என்றது. கேட்டால்தான் கடையில் சொல்வார்கள்.

மைனி கேட்டுவிட்டார். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலைத் தேடிக் கொண்டிருக்கிறார்.